உன் இடது கால்மேல் நான் போட்ட பழி

தம்பி, இதை உனக்குத் தனியாகத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் உன்னைப் பற்றி நான் தப்பாகச் சொன்னது தனியாகச் சொன்னதில்லை. 'கியர் பைத்தியங்கள்' வாட்ஸ்அப் குரூப்பில், முகம் தெரியாத அத்தனை பேர் முன்னாலும், "என் பையன் இடது காலை பிரேக்லயே வச்சு ஓட்டி கியர்பாக்ஸை வேக வச்சுட்டான்" என்று போட்டேன். அதற்கு வந்து விழுந்த சிரிப்பு எமோஜிகளுக்கெல்லாம் நானும் பதிலுக்குச் சிரித்தேன். அதனால் இந்தக் கடிதத்தையும் அதே இடத்தில்தான் போடுகிறேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் இதையும் படிக்கட்டும். நீ அந்தக் குரூப்பை விட்டுப் போய்விட்டாய் என்று தெரியும். அம்மா தன் போனிலிருந்து உனக்கு அனுப்புவாள். கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லையென்றால் இது ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூடிவிடு: வண்டிக்கு வந்த கோளாறு உன் காலால் வந்ததில்லை. கியர்பாக்ஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கோளாறு ஒரு சென்சாரில். சரியாகச் சொன்னால் சென்சாரில்கூட இல்லை, அதற்குப் போகும் வயரைச் சொருகியிருக்கும் சாக்கெட்டில். அந்த சாக்கெட்டுக்குள் தண்ணீர் போக வழி செய்தது நான்.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று. அரியலூர் ரோட்டில் பைக்கோடு நீ விழுந்த பிறகு உன் இடது கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். நடக்கலாம், மாடி ஏறலாம், ஆனால் கிளட்சை மிதிக்க முடியாது, அந்தக் கால் அதற்கு மடங்காது. பாதத்தில் கொஞ்சம் உணர்ச்சியும் குறைந்துபோனது. அந்தக் காலோடுதான் அரியலூரில் வேலை தேடிக்கொண்டாய். குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ். உட்கார இடம் கிடைக்காத நாளில் சாயங்காலம் வீடு வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்திருப்பாய். ஏன் என்று அம்மா கேட்டால், "ஒன்னுமில்லம்மா, காத்து வருது" என்பாய். நான் உள்ளே போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். உன் சம்பளத்தில் சேர்த்து, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழசாக வாங்கினாய். அதை எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. பாவம், அந்த வண்டிமேல் தப்பே இல்லை.

அந்த வண்டி வந்த அன்றைக்கு உன்னைவிட அதிகமாகக் குதித்தது நான்தான். பெரம்பலூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நாற்பத்து நாலு வயசு ஆள்தான் நான், ஆனால் கியர்பாக்ஸ் வீடியோ என்றால் எனக்குப் பதினாறு வயசு. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. மொபைல் ரிப்பேரும் வீடியோ பார்த்துப் பழகியதுதான், இதுவும் அப்படித்தான். பாஷை புரியாத நாட்டுக்காரன் பேசினாலும் கை என்ன செய்கிறது என்று பார்த்தே புரிந்துகொள்வேன். உன் வண்டிக்கென்றே ஒரு ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டியின் சூடு, ஆயில் அழுத்தம் எல்லாம் போனில் எண்ணாக ஓடும். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டே கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் பற்றி உனக்கு வகுப்பு எடுத்தேன். நீ சோற்றைப் பிசைந்தபடி, "அப்பா, எனக்கு ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் தெரிஞ்சா போதும்ப்பா" என்றாய். "இவருக்கு வண்டி வாங்கிக் குடுத்திருக்கலாம், உனக்கு பஸ் பாஸ் வாங்கியிருக்கலாம்" என்று அம்மா சொன்னாள்.

முதல் வாரம் முழுக்க, உனக்குத் தெரியாமல், குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் வரை உன் பின்னாலேயே மொபெட்டில் வந்தேன். கடை திறக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்வேன், கடைக்கு அத்தனை சீக்கிரம் யார் வருவார்கள்? பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. நீ ஓட்டியது அத்தனை நிதானம். ஆடு குறுக்கே வந்தபோதுகூட ஹாரன் அடிக்காமல் நின்று வழி விட்டாய். இதை ஞாபகம் வைத்துக்கொள், இதை நினைத்துத்தான் இப்போது எனக்கு மனசு அறுக்கிறது.

ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டியை நானே வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோனேன். "வெறும் தண்ணி மட்டும் அடிச்சா போதும்ண்ணே, இது புது மாதிரி வண்டி, அடியில நெறைய வயரு போவுது" என்று அங்கே வேலை பார்த்தவர் சொன்னார். நான் கேட்கவில்லை. நம்ம ஊரில் வண்டிக்குப் பூஜை என்றால் அடிப்பாகம் பளபளவென்று இருக்க வேண்டாமா? என் மாமா வைத்திருந்த டிராக்டருக்கு அப்படித்தான் செய்வார். லிஃப்டில் ஏற்றி, அடியில் அழுத்தத்தோடு தண்ணீர் அடித்து, மண்ணும் சுண்ணாம்புத் தூசியும் போனதும் டீசலைப் பீய்ச்சி அடிக்கச் சொன்னேன். டிராக்டருக்கு அது சரி, அதன் அடியில் இரும்பு மட்டும்தான் இருக்கிறது. இந்த வண்டிக்கு அடியில் ரப்பர் சீல் போட்ட சாக்கெட்டுகள் இருக்கின்றன. டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊதி, பிடிப்பு விட்டுப்போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை தம்பி. ஒரு வீடியோவுக்குக் கீழே இதைப் பற்றி நானே பெரிய கமெண்ட் போட்டிருக்கிறேன். சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, போட்டோ எடுத்து குரூப்பில் போட்டதோடு வாஷ் பண்ணியதை மறந்துவிட்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்ததும் குன்னம் தாண்டி நடுரோட்டில் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிய, நீ ஓரமாக நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாய். கடையை அப்படியே விட்டுவிட்டு மொபெட்டில் ஓடி வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நிஜமான ஒரு கோளாறு கையில் கிடைத்ததே என்று. ஸ்கேனரைச் சொருகினேன். கியர்பாக்ஸுக்கு ஆயில் தள்ளும் பம்ப்பின் டெம்பரேச்சர் சென்சார் என்று எரர் கோடு வந்தது. எண்ணைப் பார்த்தேன், நூற்று நாற்பது டிகிரி. அதற்கு அடுத்த வரியிலேயே கியர்பாக்ஸ் ஆயில் எண்பதுதான் காட்டியது. ஒரே ஆயில்தான் அந்தப் பம்ப்பிலும் ஓடுகிறது, கியர்பாக்ஸிலும் ஓடுகிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். நான் பயமுறுத்துகிற எண்ணை உண்மை என்று எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அதில்தான் கதை இருந்தது.

நீ அடியில் குனிந்து கை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, நூத்தி நாப்பதுன்னா கை பொத்துப்போயிருக்கணுமே. சாதாரணச் சூடுதான் இருக்கு, தொட்டுப் பாருங்க" என்றாய்.

"உள்ள இருக்குற சூடு வெளிய தெரியாதுடா."

"வேற எதாவது காரணமா இருக்காதா?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். "ஒன் இடது கால எங்க வைக்கிற?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். "ஓரமாத்தான் வைக்கிறேன்."

"ஒனக்குத்தான் அந்தப் பாதத்துல உணர்ச்சி கம்மி. பிரேக் மேல கெடக்குதா இல்லையான்னு ஒனக்கு எப்படித் தெரியும்? பிரேக்க மிதிச்சுக்கிட்டே வண்டிய இழுத்தா கியர்பாக்ஸ் வேகாம என்ன செய்யும்?"

நீ காரின் கதவைத் திறந்து, உன் காலையும் பிரேக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாய். லாரிகள் போகிற சத்தத்தில் நான் ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு என் விளக்கம் அத்தனை பிடித்துப்போயிருந்தது. குரூப்பில் அன்றைக்கே எழுதிப் போட்டேன். "செம அனலிசிஸ்ண்ணே" என்று ஒருவர் போட்டார். அந்த ஒரு வரிக்காக நான் உன்னை விற்றுவிட்டேன்.

ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்தால் சில நாள் ஒழுங்காக ஓடும், ஈரம் பட்டால் மறுபடி வரும். மழை பெய்தால் வருகிறது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் உன் காலைத்தான் கேட்டேன். ஆயிலை மாற்றினேன், பழைய ஆயில் கருகாமல் சுத்தமாக இருந்தது. அதையும் பார்த்துவிட்டு, நல்லவேளை சீக்கிரம் பார்த்துவிட்டோம் என்றேன். அந்த வாரம் அம்மா தா.பழூரில் ஒரு கல்யாணத்துக்கு உன்னோடு வண்டியில் கிளம்பியபோது, வாசலில் வைத்து, உன் காது கேட்கவே, "அவன் ஓட்டுற வண்டியில ஏறாத, பஸ்ல போ" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். நீதான், "அப்பா சொல்றதும் சரிதாம்மா, பஸ்லயே போயிட்டு வா" என்றாய். என்னோடு நீ சண்டை போட்டிருந்தால் நான் இன்னும் பத்து மடங்கு கத்தியிருப்பேன், ஆனால் நாம் இரண்டு பேரும் பிழைத்திருப்போம். நீ என்னை நம்பிவிட்டாய். அதுதான் நடந்தது.

ஒரு நாள் காலையில் நீ வண்டி எடுக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுற்றி, சீட்டின் அடிக்கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தாய், கால் தானாக பிரேக் பக்கம் போய்விடக்கூடாது என்று. அதைப் பார்த்தும் நான் வெளியே வரவில்லை. நல்ல யோசனைதான் என்றுகூட நினைத்தேன் தம்பி. அப்புறம் ஒரு வாரம்கூட நீ ஓட்டவில்லை. சாவியை டிவி மேல் வைத்துவிட்டு, "நான் ஓட்டலப்பா, யார் மேலயாவது ஏத்திட்டேன்னா?" என்றாய். மறுபடி இரண்டு பஸ். கொஞ்ச நாளில் அரியலூரிலேயே ரூம் எடுத்துக்கொண்டாய். கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றேன்.

போன வாரம் அம்மா சமையல்கட்டில் இருந்துகொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். "தம்பிக்கு அவங்க சார் சைட்டு வேலை குடுக்குறேன்னாராம். ஆபீஸ்ல உக்காந்து எழுதுற வேலையில்ல, நாலு எடத்துக்குப் போயி பாக்குற வேலை. அவன் ஆசப்பட்டுக் கேட்ட வேலைதான். சொந்தமா வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுப்பாங்களாம்."

"நல்லதுதானே, சேரச் சொல்லு."

"முடியாதுன்னுட்டானாம். திங்கக்கெழமைக்குள்ள யோசிச்சு சொல்லுன்னு சார் விட்டுருக்காரு. நான் போன்ல கேட்டேன், ஏன்டா தம்பின்னு. 'என் கால நானே நம்ப முடியாதும்மா'ங்கிறான்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏங்க, ஆஸ்பத்திரியில டாக்டரு கூட அப்படிச் சொல்லலையே. நீங்க எந்த ஆஸ்பத்திரியில படிச்சீங்க?"

மறுநாள் காலையில் வண்டியை விற்றுவிடலாம் என்றுதான் அதன் பக்கத்தில் போனேன். அது நின்றுகொண்டே இருப்பதைப் பார்க்க முடியவில்லை. பேட்டரி இறங்கிப்போயிருந்தது, சார்ஜ் ஏற்றினேன். வாங்க வருகிறவருக்குக் காட்ட வேண்டுமே என்று ஸ்கேனரைச் சொருகி, இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பினேன். பனி பெய்து வண்டி முழுக்க நனைந்திருந்தது. இன்ஜின் இருபத்தி மூன்று டிகிரி, கியர்பாக்ஸ் ஆயில் இருபத்தி மூன்று, வெளிக்காற்று இருபத்தி இரண்டு. பம்ப் மட்டும் நூற்று நாற்பது.

வாரக்கணக்காக அசையாமல் நின்ற வண்டி தம்பி. யாரும் ஓட்டவில்லை, யார் காலும் அதன் பிரேக்கில் இல்லை. அது நூற்று நாற்பது டிகிரியில் கொதிக்கிறது என்று சொல்கிறது. அடியில் படுத்துக் கையை வைத்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. வயரைப் பிடித்து லேசாக ஆட்டினேன். போனில் எண் நாற்பதுக்கு விழுந்து மறுபடி மேலே போனது. சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, ரப்பர் சீல் ஊதிப்போய்க் கையோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன். இன்னும் டீசல் வாசம். இந்த சென்சார் சூடானால் அதன் மின்தடை குறையும். இரண்டு முனைக்கும் நடுவில் ஈரம் பாலம் போட்டாலும் மின்தடை குறையும். வண்டியின் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், சூடு என்று நினைத்துக்கொள்ளும். கடையில் போன் சர்க்யூட் போர்டு கழுவும் திரவத்தைப் பழைய பல் பிரஷில் தொட்டுத் தேய்த்து, காயவைத்து, வேறு சீல் போட்டுச் சொருகினேன். இருபத்தி மூன்று என்று வந்தது. வாலிகண்டபுரம் வரை ஓட்டிவிட்டு வந்தேன். இரண்டு எண்ணும் ஜோடியாக, மெதுவாக எண்பதுக்கு ஏறி அங்கேயே நின்றன. அதற்கப்புறம் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு மழையிலும் நனைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கடைக்கு யாராவது செத்துப்போன போனைக் கொண்டுவந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி உனக்குத் தெரியும். "தண்ணி பட்டுச்சா?" இல்லவே இல்லை என்று அவர்கள் சத்தியம் செய்தாலும் திறந்து சாக்கெட்டைப் பார்க்காமல் விடமாட்டேன். ஊரில் எல்லார் பொருளுக்கும் இந்தக் கேள்வி. உனக்கு மட்டும் சின்ன வயசிலிருந்தே வேறு கேள்வி. "நீ தொட்டியா?" கடையில் கண்ணாடி விரிசல் விட்டால், வீட்டில் மிக்ஸி புகைந்தால், கேபிள் டிவி தெரியாமல் போனால், முதலில் உன்னைத்தான் கேட்பேன். நீ ஏழாவது படிக்கும்போது ஒரு வாடிக்கையாளர் எதிரிலேயே உன்னைக் கேட்டேன், அவர் போனின் பேட்டரி ஏன் ஊதியிருக்கிறது என்று. "அவன் தொடலங்க, ஊதிப்போன பேட்டரியோடதான் கொண்டாந்தேன்" என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். நீ அன்றிலிருந்து கடைக்குள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தாய். அது மரியாதை என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமானது. முதல் வாரம் உன் பின்னால் மொபெட்டில் வந்தேன் என்றேனே, அந்த வாரம் முழுக்க என் கண்ணுக்கு நேரே உன் வண்டியின் பிரேக் லைட்தான் இருந்தது. பிரேக்கில் கால் லேசாகக் கிடந்தாலே அது எரியும். நீ நிற்க வேண்டிய இடத்தில் எரிந்தது, மற்ற நேரத்தில் எரியவே இல்லை. உன் கால்மேல் தப்பில்லை என்பதற்கு நானே சாட்சி. குன்னத்தில் நின்றபோது அந்தச் சாட்சி எனக்கு ஞாபகம் வரவில்லை. என்னை நம்பாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பா அல்லவா. ஆனால் இதைச் சொல்கிறேன். இனிமேல் நான் எதையாவது அத்தனை உற்சாகமாக விளக்கினால், கொஞ்சம் தள்ளி நின்று கேள். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, வீட்டில் எதாவது உடைந்தால், பிள்ளையின் கையைப் பார்க்கும் முன் உடைந்ததைப் பார். குன்னத்தில் நீ அதைத்தான் செய்தாய், வாதம் பண்ணாமல் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாய். இந்தக் குரூப்பில் எங்களில் யாரும் செய்யாததை நீதான் செய்தாய்.

உன் சாரிடம் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். சேர் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை அரியலூருக்குக் கொண்டுவந்து உன் ரூம் இருக்கும் தெருவில் நிறுத்துகிறேன். பக்கத்து சீட்டில் அம்மா இருப்பாள். சாவி அவளிடம் இருக்கும். என்னிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க எறங்கிப் போயிடுங்க. நான் எறங்க மாட்டேன். எம்புள்ள வந்து ஓட்டுனா வூட்டுக்கு வருவேன், இல்லாட்டி அங்கயே உக்காந்திருப்பேன். பஸ்ல போன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேணாம்." வெயில் ஏறுமே என்றதற்கு, ஏசி போட எனக்குத் தெரியும் என்கிறாள். நீ வராமல் போனால் அவளை என்னால் கிளப்ப முடியாது.

நான் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உன்னைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து வரலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வண்டி கிளம்பியதும் என் கண் உன் இடது காலுக்குத்தான் போகும். கோளாறு என்ன என்று தெரிந்த பிறகும் போகும். கண் அப்படிப் போவது நிற்கிறவரை நான் உன் வண்டியில் ஏறக்கூடாது.